அபினியும் கருவூலமும்

போதைப் பழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் அதற்கு ஆட்பட்டவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. மன உறுதிக் குறைவு, வறுமை, கூடாநட்பு ஆகியவையே அதற்குரிய காரணங்களாக முன்வைக்கப்படுகின்றன. ஆனால் 1773 முதல் 1959 வரை இந்தியத் துணைக்கண்டத்தில் அபினி விளைவிக்கப்பட்டு, ஏலம் விடப்பட்டு, உரிமக் கடைகளில் சில்லறையாக விற்கப்பட்ட வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்பவர்களுக்கு வேறொரு காரணமும் புலப்படும். எவ்வளவு நிலத்தில் அபினி பயிராக வேண்டும், எந்த விலைக்கு விற்க வேண்டும், எந்த ஊரில் கடை திறக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் ஓர் அரசின் வருவாய்த் தேவையே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் தீர்மானித்துவந்தது. அந்தப் பொருளுக்கு அடிமையானவர்களின் எண்ணிக்கை அந்தத் தீர்மானங்களை ஒட்டியே பெருகவும் குறையவும் செய்தது.

அபினி என்பது கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறும்போது வடியும் பால், காற்றுப் பட்டு இறுகிக் கருத்த பிசினாகும். தமிழ்ச் சமையலறைகளில் குருமாவுக்கு அரைக்கப்படும் கசகசா, அதே காய் முற்றிக் காய்ந்த பின் உதிர்க்கப்படும் விதை. போதை தரும் சத்து விதையில் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை, பாலில்தான் செறிந்திருக்கிறது. அச்சத்துகளில் தலையாயதான மார்ஃபினை ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார். வலியை அடக்கவும், இருமலைத் தணிக்கவும், வயிற்றுப்போக்கை நிறுத்தவும் இதற்கு இணையான மருந்து நெடுங்காலம் உலகில் வேறு இருக்கவில்லை என்பதால், யுனானி, சித்தம், ஐரோப்பிய மருத்துவம் என எல்லா மரபுகளிலும் அபினிக்கு இடம் இருந்தது. எனினும் தொடர்ந்து உட்கொள்பவரின் உடல் அதற்குப் பழகி, முதலில் கிடைத்த விளைவைப் பெறவே மேலும் மேலும் கூடுதலான அளவைக் கேட்கத் தொடங்குகிறது. இதை மருத்துவ நூல்கள் தாங்குதிறன் என்கின்றன. நிறுத்த முற்பட்டால் உடல்வலி, வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை சேர்ந்து வாட்டுகின்றன. இவை விலகல் அறிகுறிகள் எனப்படும். அளவு மீறினால் மூச்சு அடங்கி உயிர் பிரியும். விலை ஏறினாலும் வாங்குவதை நிறுத்த முடியாத வாடிக்கையாளரை உருவாக்கும் பொருள் இது என்பதை மருத்துவர்களுக்கு முன்பே வணிகர்களும் வரி அலுவலர்களும் அறிந்திருந்தார்கள்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பு இந்தியாவில் அபினி இல்லாமல் இருந்தது என்று சொல்வதற்கில்லை. அக்பர் காலத்து ஆவணங்களில் கசகசா ஒரு வரி விதிக்கத்தக்க பயிராகப் பதிவாகியிருக்கிறது. தாம் மதுவுக்கும் அபினிக்கும் ஆட்பட்டிருந்ததை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். குவாலியர் கோட்டையில் சிறை வைக்கப்பட்ட இளவரசர்களுக்கு நாள்தோறும் கசகசாக் காய் ஊறிய நீரைக் கொடுத்து அவர்களை மெல்ல மெல்ல நலிவித்த வழக்கத்தைப் பிரெஞ்சுப் பயணி பெர்னியர் பதிவு செய்திருக்கிறார். டச்சுக் கம்பெனியோ பீகார் அபினியை ஜாவாத் தீவுக்குக் கொண்டு சென்று விற்றுப் பெரும் பொருள் ஈட்டியது. ஆனாலும் அக்காலத்தில் விளைச்சலும் விற்பனையும் பல கைகளில் சிதறிக் கிடந்தன; விளைநிலம் முதல் துறைமுகம் வரை ஒரே கையின் கீழ் வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி வங்கத்தைக் கைப்பற்றிய பிறகுதான்.

1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளம், பீகார் அபினிக் கொள்முதலைக் கம்பெனியின் தனியுரிமை ஆக்கினார். தொடக்கத்தில் ஒப்பந்தக்காரர்கள் மூலம் நடந்த கொள்முதல், 1797 முதல் கம்பெனியின் சொந்த அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பீகாருக்குப் பாட்னாவிலும் பனாரஸ் பகுதிக்குக் காஜிப்பூரிலும் அபினி ஏஜென்சி எனப்பட்ட நிர்வாக அமைப்புகள் நிலைபெற்றன. 1857ஆம் ஆண்டின் அபினிச் சட்டம் இந்த ஏற்பாட்டை இறுக்கமாக வரையறுத்தது. உரிமம் பெற்ற உழவர் மட்டுமே கசகசா பயிரிடலாம். விளைந்த பால் முழுவதையும் அரசு குறித்த விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும். ஒரு பகுதியை ஒதுக்கிக்கொண்டாலும் தண்டனை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கங்கைச் சமவெளியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உழவர் குடும்பங்கள் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்தன.

அந்த உழவர்களின் பாடு இந்த வரலாற்றில் போதிய கவனம் பெறாத பகுதி. கசகசா, ஊரை ஒட்டிய வளமான நிலத்தைக் கேட்கும் பயிர். நிலத்தைப் பலமுறை உழுது, எரு இட்டு, கிணற்று நீரை இறைத்துப் பாய்ச்சி, களை பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். கார்த்திகை வாக்கில் விதைத்தால் தை, மாசியில் பூக்கும். முதலில் இதழ்களைச் சேகரித்து, சூடான மண்சட்டியின் மீது பரப்பி அழுத்தி, அப்பளம் போன்ற மெல்லிய தகடுகளாக்குவார்கள். பிற்பாடு அபினி உருண்டைகளுக்கு மேலுறை ஆவது இதுவே. இதழ் உதிர்ந்து காய் திரண்டதும் நஷ்தர் எனப்பட்ட, பல அலகுகள் சேர்த்துக் கட்டிய சிறு கத்தியால் பிற்பகலில் காயைக் கீறிவிட்டு, இரவெல்லாம் கசிந்து படிந்த பாலை மறுநாள் விடியலில் இரும்புக் கரண்டியால் வழித்தெடுப்பார்கள். ஒரே காயை இடைவெளி விட்டுப் பலமுறை கீற வேண்டும் என்பதால் குழந்தைகள் உட்பட வீட்டார் அனைவரும் வாரக்கணக்கில் வயலில் நிற்க வேண்டியிருந்தது. இவ்வளவு உழைப்புக்கும் 1860களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சேருக்கு ஐந்து ரூபாய் அளவிலேயே விலை நின்றது. சேர் என்பது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. குத்தகை, எரு, நீர்ப்பாசனம், கூலி ஆகியவற்றைக் கணக்கிட்டால் பலருக்குக் கசகசாச் சாகுபடி நட்டமே தந்தது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியிருந்தும் அவர்கள் அதைக் கைவிடாமல் இருந்ததற்கு முன்பணமே முதற்காரணம். விதைப்புக்கு முன்பே அரசு கொடுத்த வட்டியில்லா முன்பணம், ஜமீன்தாருக்குக் குத்தகை செலுத்த வேண்டிய பருவத்தில் சரியாகக் கைக்கு வந்தது. ஒருமுறை அதைப் பெற்றுக்கொண்டவர் அடுத்த ஆண்டும் விதைக்கக் கடமைப்பட்டவர் ஆனார். குமாஸ்தா, ஜில்லாதார் என்ற கீழ்நிலை அலுவலர்கள் எடை போடும் இடத்திலும் தரம் பார்க்கும் இடத்திலும் தமக்கென எடுத்துக்கொண்டது தனி. போதைப்பொருளால் நேர்ந்த கேட்டைப் பேசும்போது அதை உட்கொண்டவருடன் நின்றுவிடாமல், விளைவிக்க நேர்ந்தவரையும் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்தக் கணக்கு நேர்மையாக இராது.

பங்குனி, சித்திரையில் மண்பானைகளில் வந்து சேர்ந்த பால், பாட்னாவின் குல்ஜார்பாக்கிலும் காஜிப்பூரிலும் இருந்த தொழிற்சாலைகளில் பெருந்தொட்டிகளில் ஒரே பதத்துக்குக் கலக்கப்பட்டது. வரிசையாக அமர்ந்த தொழிலாளர்கள் பித்தளைக் கிண்ணங்களில் இதழ்த் தகடுகளை அடுக்கி, அபினிப் பசை தடவி, நடுவே அபினியை வைத்து உருண்டைகளாக மூடினார்கள். அவை மிக உயரமான மர அடுக்குகளில் மாதக்கணக்கில் உலர்ந்தன. பூஞ்சை பிடிக்காதபடியும் பூச்சி அரிக்காதபடியும் உருண்டைகளைத் திருப்பி வைப்பது அந்த அடுக்குகளில் ஏறித் திரிந்த சிறுவர்களின் வேலை. உருண்டைகள் நாற்பதாக ஒரு மரப்பெட்டியில் அடைக்கப்பட்டுக் கங்கை வழியே கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டன. கல்கத்தாவில் ஏலம் எடுத்த தனியார் வணிகர்கள்தாம் அவற்றைச் சீனத்துக்கு ஏற்றிச் சென்றார்கள். சீனத்தில் அபினி இறக்குமதி தடை செய்யப்பட்டிருந்ததால் கம்பெனி தன் கப்பல்களில் அதை ஏற்றாமல், விற்றதோடு தன் பொறுப்பு முடிந்தது என்ற நிலையை எடுத்துக்கொண்டது. அபினிக்கு ஈடாகக் கான்டன் நகரில் கிடைத்த வெள்ளி, கம்பெனியின் அங்கத்தியக் கருவூலத்துக்குள் வந்து, பிரிட்டன் மக்கள் பருகிய தேயிலையின் விலையாயிற்று.

இதே காலத்தில் மத்திய இந்தியாவின் மாளவப் பகுதியில், சுதேச சமஸ்தானங்களில் விளைந்த அபினி, கம்பெனியின் பிடிக்கு வெளியே போர்ச்சுகீசியர் வசமிருந்த டாமன் வழியாகவும் பிற மேற்குக்கரைத் துறைகள் வழியாகவும் சீனம் சென்றது. இந்தப் போட்டியைச் சமாளிக்க 1830களில் கம்பெனி கையாண்ட வழி, பின்னாளில் நடந்த அனைத்துக்கும் திறவுகோல் எனத்தக்கது. உயர்ந்த விலை, குறைந்த அளவு என்ற பழைய கொள்கையைக் கைவிட்டு, பீகாரிலும் பனாரஸிலும் சாகுபடிப் பரப்பை விரித்து, விலையைத் தாழ்த்திச் சந்தையை நிரப்ப அது முடிவு செய்தது. 1820 வாக்கில் ஆண்டுக்கு ஐயாயிரம் அளவில் இருந்த, சீனத்துக்குச் சென்ற பெட்டிகளின் எண்ணிக்கை 1830களின் இறுதியில் நாற்பதாயிரத்தை எட்டியது. சீன மக்கள் திடீரென்று மன உறுதி இழந்துவிட்டதால் நேர்ந்த பெருக்கம் அன்று இது. கல்கத்தா வழியாகச் சென்ற அபினியும் மேற்குக்கரைத் துறைகள் வழியாகச் சென்ற அபினியும் ஒன்றோடொன்று மோதியதன் விளைவாக, கான்டனிலும் அதற்கப்பால் உள்நாட்டு ஊர்களிலும் அபினி மலிவாகியது; மலிவானது ஏழைகளின் கைக்கும் எட்டியது.

1839இல் பேரரசரின் ஆணையோடு கான்டன் வந்த லின் செஷூ இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்து ஹூமன் கடற்கரையில் அழித்ததும், அதைத் தொடர்ந்த போரும், 1842இன் நான்கிங் உடன்படிக்கையும் பலரும் அறிந்தவை. தமிழகத்தோடு இப்போருக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. சென்னைப் படையின் 37ஆம் காலாட்படைப் பிரிவு கான்டன் சுற்றுவட்டாரத்தில் போரிட்டது. 1841 மே மாதம் சான்யுவான்லி என்ற ஊருக்கருகே பெருமழையில் துப்பாக்கிகள் நனைந்து சுட முடியாமற்போக, அதன் ஒரு குழு சீன ஊர்மக்களின் கூட்டத்தால் சூழப்பட்டது. சென்னை மாகாணத்தில் ஆள்சேர்க்கப்பட்ட சிப்பாய்கள், பீகார் உழவர் விளைவித்த பொருளுக்காகச் சீன உழவர்களோடு பொருதினார்கள். 1858இல், இரண்டாம் அபினிப் போரின் இடையே, அபினி இறக்குமதி சீனத்தில் சட்டபூர்வமாயிற்று. 1880 வாக்கில் இந்தியாவின் மொத்த ஏற்றுமதி லட்சம் பெட்டிகளை நெருங்கியது. பிரிட்டிஷ் இந்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அபினியிலிருந்து வந்தது.

ஏற்றுமதியின் மறுமுனையில் நின்ற சிங்கப்பூர், அபினி வருவாயால் கட்டப்பட்ட நகரம் என்றால் மிகையாகாது. 1819இல் நிறுவப்பட்ட அந்தக் குடியேற்றம் அடுத்த ஆண்டே அபினி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விடத் தொடங்கியது. துறைமுகத்தில் இறக்குமதி வரி கிடையாது என்பது அதன் பெருமை. அந்த வரியில்லாத் துறைமுகத்தின் செலவை ஈடுகட்டியவர்கள் பெரும்பாலும் சீனக் கூலிகளே. அபினியை நீரில் கொதிக்க வைத்து வடிகட்டி, குழாயில் வைத்துப் புகைக்கும் பதத்துக்குக் காய்ச்சியதைச் சண்டு என்பார்கள். காம்பியர், மிளகுத் தோட்டங்களிலும், வெள்ளீயச் சுரங்கங்களிலும், பின்னாளில் ரிக்‌ஷா இழுப்பதிலும் எலும்பு தேய உழைத்தவர்கள் உடல்வலி மறக்கச் சண்டு புகைத்தார்கள். ஜொகூரில் ஆற்றங்கரைத் தோட்டக் குடியிருப்புகளின் தலைவருக்கு அபினி, சூதாட்டம், பன்றி இறைச்சி ஆகியவற்றின் விற்பனை உரிமை மொத்தமாக அளிக்கப்பட்டதால், கொடுத்த கூலி அவரிடமே திரும்பிவந்தது. ஊர் திரும்பக் காசு சேர்க்க வந்தவர் கடனாளியாகத் தங்கிப்போனார். நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவின் வருவாயில் சில ஆண்டுகளில் பாதியளவு அபினியிலிருந்தே கிடைத்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கள்ளுக்கடை எந்த நோக்கத்தோடு திறந்து வைக்கப்பட்டதோ, அதற்கு இது மூத்த முன்மாதிரி. 1910இல் குத்தகை முறை ஒழிக்கப்பட்டபோதும் சண்டு ஒழியவில்லை. அரசே தொழிற்சாலை அமைத்துக் காய்ச்சி விற்றது. அபினி வருவாய் நின்றால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய 1925இல் தனி நிதி ஒன்று உருவாக்கப்பட வேண்டியிருந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பு முடிந்து பிரிட்டன் திரும்பிய பிறகே, 1946இல், சண்டு முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

இந்தியாவுக்குள் நடந்ததற்கு அசாமைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அந்நிலப்பகுதியில் உழவர்கள் தம் தோட்டங்களில் கசகசா பயிரிட்டு, பாலைத் துணியில் தோய்த்து உலர்த்தி, கானி என்ற பெயரில் பயன்படுத்திவந்தார்கள். பழக்கத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று ஆனந்தராம் தேகியால் புக்கன் 1853இல் அரசிடம் எடுத்துரைத்தார். 1860–61இல் அரசு கசகசாச் சாகுபடியை மட்டும் தடை செய்தது. விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, வங்காளத்து அபினியைக் கருவூலங்கள் வழியாகவும் உரிமக் கடைகள் வழியாகவும் விற்கத் தொடங்கியது. வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததை இனிக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற நிலையும், வெற்றிலை, பாக்குக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சும் சேர்ந்து 1861 அக்டோபரில் நகாவ் மாவட்டத்தின் புலகுரியில் உழவர் எழுச்சியாக வெடித்தன. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். அதே ஆண்டில்தான் ஹேமசந்திர பருவா கானிக்கு அடிமையானவர்களின் அவலத்தைக் காட்டும் ‘கானியார் கீர்த்தன்’ நாடகத்தை எழுதினார். அபினிக்குக் காசு தேவைப்படும் உழவர் தேயிலைத் தோட்டத்துக் கூலி வேலைக்கு வருவார் என்ற எதிர்பார்ப்பும் அந்தக் கொள்கையில் கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர் அமலேந்து குகா எடுத்துக்காட்டியிருக்கிறார்.

வருவாய்த் துறை இதற்கெல்லாம் ஒரு கோட்பாட்டு விளக்கம் வைத்திருந்தது. வரியையும் விலையையும் உயர்த்திக்கொண்டே போனால் நுகர்வு குறையும், வருவாயும் குறையாது என்பது அந்த விளக்கம். அடிமைப்பட்ட உடலின் இயல்பை அறிந்தவர்களுக்கு இதிலுள்ள பிழை எளிதில் விளங்கும்: விலை ஏறும்போது அடிமைப்பட்டவர்கள் முதலில் குறைப்பது அபினியை அன்று, சோற்றையும் துணியையும் பிள்ளைகளின் மருந்தையும். பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தைகளை உறங்கவைக்க அபினி கலந்த சிறு உருண்டைகளைக் கொடுத்த வழக்கமும், மலேரியா மிகுந்த கோதாவரி, விசாகப்பட்டினம் மலைப்பகுதிகளில் காய்ச்சலுக்குக் காப்பு என்று நம்பி அபினி உண்டதும், மருத்துவ வசதியும் குழந்தைக் காப்பகமும் இல்லாத இடங்களில் அரசின் அபினிக் கடை மட்டும் இருந்ததன் விளைவுகள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1874இல் லண்டனில் குவேக்கர் சமயத்தாரின் முன்முயற்சியால் அபினி வணிக ஒழிப்புச் சங்கம் தோன்றியது. நாடாளுமன்றத்தில் அதன் குரல் வலுத்ததன் பயனாக 1893இல் பிராஸி பிரபு தலைமையில் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அந்த ஆணையம், இந்தியர்கள் அபினியை அளவோடு பயன்படுத்துகிறார்கள், தடை தேவையில்லை, வருவாய் இழப்பையும் மக்கள் தாங்கமாட்டார்கள் என்று 1895இல் அறிக்கை அளித்தது. உறுப்பினர்களில் ஹென்றி வில்சன் உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினார்; சாட்சிகளைத் தேர்ந்து முன்னிறுத்தியதில் அரசு அலுவலர்களின் கை இருந்தது என்பது அவருடைய குறைகளில் ஒன்று. ஆணையத்தின் அறிக்கை அபினி வணிகத்துக்கு மேலும் பத்தாண்டு கால ஆயுளைக் கொடுத்தது. 1906இல் சீனம் தன் நாட்டுச் சாகுபடியையும் ஒழிக்க முற்பட்ட பிறகே, ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காக ஏற்றுமதியைக் குறைக்கும் உடன்பாடு 1907இல் ஏற்பட்டது. அதற்குள் சீனத்தின் சொந்த விளைச்சல், இந்தியாவிலிருந்து வந்ததைப்போல் பல மடங்காகப் பெருகியிருந்தது. இந்தியாவின் அபினி வருவாயும் முன்போலப் பெரிதாக இல்லை. 1913இல் சீனத்துக்கான விற்பனை நின்றது. வருவாயின் பங்கு சுருங்கிய பின்னரே அறத்தின் குரல் செவியேறியது என்ற வரிசையை வரலாறு எழுதுபவர்கள் மறைக்கக் கூடாது.

உள்நாட்டு விற்பனை அதன் பிறகும் தொடர்ந்தது. 1921இல் காந்தி அசாம் சென்றதையடுத்து காங்கிரஸ் தொண்டர்கள் நடத்திய மறியலால் அபினி விற்பனை கணிசமாகச் சரிந்தது. தொண்டர்கள் சிறை சென்றார்கள். சி.எஃப். ஆண்ட்ரூஸ் துணைநிற்க, குலதர் சாலிஹா தலைமையில் இயங்கிய காங்கிரஸ் விசாரணைக் குழு 1925இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மருத்துவத் தேவைக்கென சர்வதேச சங்கத்தின் வல்லுநர்கள் வகுத்த அளவு பத்தாயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6 சேர். அசாமின் பல மாவட்டங்களில் நுகர்வு அதைப்போல் பல மடங்காக இருந்தது. வருவாயை இழந்தால் அரசு எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு, அபினி அன்றி மதுவைப் பொறுத்து, ஒரு விடையைச் சென்னை மாகாணம் தந்தது: 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜியின் அமைச்சரவை, இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

விடுதலைக்குப் பின் 1949இல் கூடிய அனைத்திந்திய அபினி மாநாடு, மருத்துவமல்லாத பயன்பாட்டுக்கான விற்பனையைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது; 1959இல் அது நிறைவேறியது. உரிமம் பெற்ற உழவர்களிடம் அரசு அபினி வாங்கும் முறை மருந்துத் தேவைக்காக மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் இன்றும் தொடர்கிறது. காஜிப்பூர்த் தொழிற்சாலையும் மத்திய அரசின் கீழ் இயங்குகிறது. கடைகள் மூடப்பட்டபோது, நெடுநாள் பழக்கமுள்ளவர்களில் மருத்துவச் சான்றோடு பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் அபினி தொடர்ந்து வழங்கப்பட்டது. பதியாதவர்கள் கள்ளச்சந்தையை நாடினார்கள். 1980களில் அந்தச் சந்தைக்குள் மார்ஃபினிலிருந்து செய்யப்படும் ஹெராயின் நுழைந்தது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது ஹெராயின் பெருநகரங்களில் காலூன்றிவிட்டிருந்தது. எடையில் சிறிதாகவும் வீரியத்தில் பல மடங்காகவும் இருப்பதால் கடத்துபவருக்கு அபினியைவிட ஹெராயின் எளிது. உட்கொள்பவருக்கு அதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் 2019இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, அபினி சார்ந்த பொருள்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் என்றும், அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 77 லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. மக்கள்தொகையில் ஹெராயின் பயன்படுத்துவோர் 1.14 விழுக்காடு, வலிநிவாரணி போன்ற மருந்துகளைப் போதைக்காக உட்கொள்வோர் 0.96 விழுக்காடு, அபினியை உட்கொள்வோர் 0.52 விழுக்காடு.